வக்கீல் பீஸ்: கேட்கலாமா, கூடாதா?

மயிலாப்பூர் மாடவீதியில் நீங்கள் கத்தரிக்காய் வாங்கும் அழகு எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பீர்கள். ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டுவீர்கள். கடைசியில் ஒரு பிடி கொத்தமல்லி கொசுறு வாங்காமல் நகரமாட்டீர்கள். தியாகராய நகர் ஜவுளிக் கடையென்றால் சொல்லவே வேண்டாம். ஜரிகையைச் சுரண்டிப் பார்த்து, நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லி, "இன்னும் கொஞ்சம் நிதானமான விலையில் காட்டுங்கோ" என்று கூசாமல் கேட்பீர்கள். அப்பேர்ப்பட்ட நீங்கள், ஒரு வக்கீலின் ஆபீஸ் படி ஏறியதும் ஏன் அப்படி வாயடைத்துப் போய்விடுகிறீர்கள்?

மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த மாமி ஒருத்தி இருக்கிறாள். பெயர் வேண்டாம். மாமா காலமாகி ஆறு வருஷமாகிறது. அவர் வாங்கிய சின்ன வீட்டில் தமக்கும் பாகம் உண்டு என்று மைத்துனர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். சம்மன் கையில் வந்ததும் மாமி பயந்து போய், தெரிந்தவர் சொன்ன ஒரு வக்கீலிடம் ஓடினாள். வீட்டுப் பத்திரத்தின் மூலத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாள். பீஸ் பற்றி வக்கீல் சொன்னது ஒரே வாக்கியந்தான்: "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் மாமி."

அந்த 'அப்புறம்' இரண்டரை வருஷம் நீண்டது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் குமாஸ்தா டெலிபோன் செய்வார். "செலவுக்குக் கொஞ்சம் அனுப்புங்கோ" என்பார். மூவாயிரம், ஐயாயிரம், ஒரு தடவை இருபதாயிரம். மாமி அதையெல்லாம் தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்களில் குறித்து அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தாள். ஒரு நாள் நான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 1,84,500 ரூபாய். இதில் பீஸ் எவ்வளவு, கோர்ட்டுச் செலவு எவ்வளவு என்று கேட்டால், மாமிக்கும் தெரியாது, தாளுக்கும் தெரியாது. இரண்டு வளையல் போன இடம் மட்டும் தெரியும்.

"ஏன் மாமி, முதல்லேயே கேட்டிருக்கக் கூடாதா?"

"நன்னாயிருக்கே! பெரிய மனுஷர்கிட்டே போய் 'உங்க விலை என்ன'ன்னு கேக்கச் சொல்றயா? எங்காத்து மாமா இருந்திருந்தா அவர் கேட்டிருப்பார்."

மாமா இருந்தாலும் கேட்டிருப்பாரோ என்னவோ! இந்தக் கூச்சம் ஸ்திரீகளுக்கு மட்டும் உரியதல்ல. இதற்கு ஒரு பூர்வ கதையே உண்டு.

சீமையில் பாரிஸ்டர்கள் வாங்குவது கூலியல்ல, 'சன்மானம்' என்றே பல காலம் சொல்லி வந்தார்கள். கட்சிக்காரர் கொடுக்காவிட்டால் பாரிஸ்டர் வழக்குப் போட்டு வாங்க அந்தக் காலத்தில் முடியாமல் இருந்தது. அவர்கள் போடும் கறுப்பு அங்கியின் பின்புறத் தோளில் ஒரு சின்னத் துணிப்பை மாதிரி தொங்கும். பணத்தைக் கண்ணால் பார்ப்பது கௌரவக் குறைவு என்பதால் கட்சிக்காரர் பின்னாலிருந்து அதில் போட்டுவிடுவாராம். இப்படி ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, அந்த மனோபாவம் நிஜம். நம் தேசத்தில் 1926ஆம் வருஷம் வக்கீல் கட்டணச் சட்டம் வந்து இதை நேராக்கியது. வக்கீலும் கட்சிக்காரரும் தங்களுக்குள் பேசி பீஸை நிர்ணயித்துக்கொள்ளலாம். பேசியதைக் கொடுக்காவிட்டால் வக்கீல் வழக்குத் தொடரலாம். வேலையில் அசிரத்தையாக இருந்தால் கட்சிக்காரரும் வக்கீல் மேல் வழக்குத் தொடரலாம். ஆகவே, பீஸ் பேசுவது மரியாதைக் குறைவான காரியமல்ல. சட்டமே அதை எதிர்பார்க்கிறது.

பேசாமல் விட்டால் என்ன ஆகும்? அதற்கும் அந்தச் சட்டம் வழி சொல்கிறது. செலவுத் தொகையைக் கணக்கிடக் கோர்ட்டு வைத்திருக்கும் அட்டவணைப்படிதான் வக்கீல் கேட்கலாம். நம் ஹைகோர்ட்டு இதற்காக 1973இல் விதிகள் செய்திருக்கிறது. அந்த அட்டவணைத் தொகை, இன்று வெளியே பேசப்படும் பீஸோடு ஒப்பிட்டால் சொற்பம். இது எத்தனை கட்சிக்காரர்களுக்குத் தெரியும்?

வக்கீல் பீஸ் என்றால் மயிலாப்பூருக்குப் பழைய உறவு. லஸ் சர்ச் ரோட்டுப் பங்களாக்கள் எழும்பியது எந்தப் பணத்தில் என்று நினைக்கிறீர்கள்? ஆனால் அந்தப் பணம் பங்களாவோடு நின்றுவிடவில்லை. வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் 1905இல் வெங்கடரமணா வைத்தியசாலையையும், 1906இல் சம்ஸ்கிருதக் கல்லூரியையும் ஸ்தாபித்தார். அட்வகேட் ஜெனரலாக இருந்த பி.எஸ். சிவஸ்வாமி ஐயர் மயிலாப்பூர்ப் பெண்கள் பள்ளிக்காகத் தம் வீட்டையே விற்றார். உங்களில் எத்தனையோ பேர் படித்த லேடி சிவஸ்வாமி ஐயர் பள்ளிக்கூடந்தான் அது. எந்த ஜமீன் வழக்கின் பீஸோ, உங்கள் வகுப்பறைப் பெஞ்சியாக மாறியிருக்கிறது!

அந்தக் காலத்திலேயே பீஸுக்கு எல்லை கிடையாது. சென்னையில் புகழோடு விளங்கிய எர்ட்லி நார்ட்டன் துரையைக் கல்கத்தாவில் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கை நடத்த சர்க்கார் 1908இல் அழைத்தது. அவருக்கு நாள் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்று, அந்த வழக்கில் கைதியாக இருந்த அரவிந்தரே எழுதியிருக்கிறார். ஆயிரம் ரூபாய்க்கு அப்போது என்னென்ன வாங்கலாம் என்று உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கதை இதற்கு நேர் எதிர். சீமையிலிருந்து 1891இல் திரும்பிய ஓர் இளம் பாரிஸ்டருக்குப் பம்பாய் சிறுவழக்குக் கோர்ட்டில் முதல் கேஸ் கிடைத்தது. தரகருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும் என்றார்கள், மறுத்துவிட்டார். பீஸ் முப்பது ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்; தலை சுற்றியது; ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பீஸைத் திருப்பித் தர முன்வந்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த வேறு வக்கீலுக்கு ஐம்பத்தோரு ரூபாய் ஆயிற்று. அந்த இளைஞர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. செய்யாத வேலைக்கு வாங்கிய பீஸைத் திருப்பித் தரவேண்டும் என்பது இன்றைக்குப் பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. வக்கீல் நடுவில் வழக்கிலிருந்து விலகினால், உழைக்காத பங்குக்குரிய பீஸ் உங்களுக்குத் திரும்பி வரவேண்டும்.

எப்படியெல்லாம் வாங்குகிறார்கள்?

கடையில் விலைச் சீட்டுத் தொங்குவது போல் வக்கீல் ஆபீசில் தொங்காது. தொங்கவும் கூடாது. நம் தேசத்தில் வக்கீல்கள் விளம்பரம் செய்து தொழில் பிடிப்பதைப் பார் கவுன்சில் தடுத்திருக்கிறது. ஆகவே நீங்கள் வாய் திறந்து கேட்டால் ஒழியத் தெரிய வழியில்லை.

முதலில் அபிப்பிராயத்துக்கு உண்டான பீஸ். அடையாறில் ஃபிளாட் வாங்குகிறீர்கள். பத்திரங்களைப் பார்த்து வில்லங்கம் இல்லையென்று எழுதித் தருவதற்கு ஒரு தொகை. நோட்டீஸ் அனுப்ப ஒரு தொகை. உயில் எழுதித்தர ஒரு தொகை. இவற்றில் குழப்பம் குறைவு. வேலை இன்னதென்று தெரியும், முடிந்ததும் தெரியும்.

குழப்பமெல்லாம் வழக்கில்தான். சிலர் வழக்கு முழுவதற்கும் மொத்தமாகப் பேசுவார்கள். சிலர் ஆஜராகும் ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்பார்கள். சிலர் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள்: பிராதோ பதிலுரையோ தாக்கல் செய்ய ஒரு பங்கு, சாக்ஷி விசாரணைக்கு ஒரு பங்கு, வாதத்துக்கு ஒரு பங்கு. பெரிய கம்பெனிகளுக்கு வேலை பார்க்கும் ஆபீஸ்களில் மணிக் கணக்கும் உண்டு. அது நம் போன்றவர்கள் வாசலுக்கு வருவது அபூர்வம்.

என்னைக் கேட்டால் குடும்பத்துக்குக் கட்டக் கணக்குத்தான் நல்லது. ஆஜர் கணக்கில் ஒரு சங்கடம் உண்டு: ஜட்ஜ் லீவு, எதிர்க்கட்சி வக்கீலுக்கு ஜுரம் என்று பத்து வாய்தா வீணாய்ப் போனால் பத்துக்கும் பணம் போகும். "கேஸ் எடுக்காமல் தள்ளிப் போட்டால் பீஸ் உண்டா?" என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். மொத்தக் கணக்கிலும் ஒரு சங்கடம். கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்போடு அந்த மொத்தம் முடிந்துவிடும். அப்பீல் என்றால் புதுக் கணக்கு. நடுவில் போடும் இடைக்கால மனுக்கள் அந்த மொத்தத்தில் அடங்குமா என்பதைக் கேட்காதவர்கள் பின்னால் திண்டாடுவார்கள்.

ஸீனியர் வைக்க வேண்டும் என்று ஒரு நாள் உங்கள் வக்கீல் சொல்லலாம். ஸீனியர் அட்வகேட் என்பது ஹைகோர்ட்டோ சுப்ரீம் கோர்ட்டோ அளிக்கும் அந்தஸ்து. அவர் உங்களிடம் நேராக வக்காலத்து வாங்கக் கூடாது. இன்னொரு வக்கீலின் மூலமாகத்தான் வரவேண்டும். அதனால் இரண்டு பீஸ் ஆகும். கலந்து பேசும் உட்காரலுக்குத் தனியாகவும் ஆகலாம். அவசியந்தானா, எத்தனை நாளைக்கு, எவ்வளவு என்று மூன்றையும் அப்போதே கேளுங்கள்.

வக்கீல்கள் பக்கத்தையும் சொல்லாவிட்டால் பாவம் வரும். கோர்ட்டில் அவர் பேசுவது ஐந்து நிமிஷந்தான். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்துக்காகக் காலை பத்தரையிலிருந்து வராந்தாவில் நிற்பதையும், முதல் நாள் ராத்திரி கட்டைப் பிரித்துப் படிப்பதையும் நாம் பார்ப்பதில்லை. ஆபீஸ் வாடகை, குமாஸ்தா சம்பளம், ஜூனியர்கள். ஜூனியர்களுக்குச் சென்னையில் மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்கவேண்டும் என்று 2024இல் ஹைகோர்ட்டு சொல்லியிருக்கிறது. அதுவரை வெறும் காபியோடு காலம் தள்ளிய இளைஞர்கள் அநேகம்.

பீஸ் வேறு, செலவு வேறு

மாமியின் 1,84,500 ரூபாயில் இருந்த கோளாறு இதுதான். கோர்ட்டு பீஸ், சம்மன் அனுப்பும் பேட்டா, வக்காலத்து ஸ்டாம்பு, நகல் எடுக்கும் செலவு, டைப் அடிக்கும் கூலி, வீட்டைப் பார்வையிட வரும் கமிஷனரின் தொகை, எல்லாம் செலவு. வக்கீலின் உழைப்புக்குக் கொடுப்பது பீஸ். வக்கீல் பணம் வாங்கும்போது இது பீஸுக்கா செலவுக்கா என்று கணக்கில் எழுதவேண்டும் என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கோர்ட்டு பீஸ் சர்க்காருக்குப் போவது. தமிழ்நாட்டில் பணம் வரவேண்டும் என்று போடும் வழக்குக்கு முன்பெல்லாம் நூற்றுக்கு ஏழரை ரூபாய் இருந்தது. 2017இல் அதை மூன்றாகக் குறைத்தார்கள். பத்து லட்ச ரூபாய் வழக்கென்றால் 75,000 கட்டவேண்டிய இடத்தில் 30,000. பாகப் பிரிவினையில் கணக்கு வேறு. நீங்கள் அந்தச் சொத்தைக் கூட்டாக அனுபவித்துக்கொண்டே பாகம் கேட்டால் நிர்ணயமான ஒரு தொகைதான். உங்களை வெளியே தள்ளிய பிறகு கேட்டால், உங்கள் பாகத்தின் மதிப்புக்கு ஏற்றபடி கட்டவேண்டும். பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு கேட்கத் தயங்கித் தயங்கி வருஷத்தை ஓட்டும் பெண்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இன்னொரு சமாசாரம். "ஜெயித்தால் செலவெல்லாம் எதிராளி தலையில்" என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். செலவுத் தொகை தரச்சொல்லித் தீர்ப்பாகலாம். ஆனால் அதில் வக்கீல் பீஸ் என்று சேர்வது மேலே சொன்ன அட்டவணைத் தொகை. நீங்கள் நிஜமாகக் கொடுத்தது அல்ல. சமாதானமாகப் போனால் மிச்சமாவதே அதிகம். ஹைகோர்ட்டில் 2005இல் தொடங்கிய சமரச மையத்தில் சமரசம் செய்து வைப்பதற்குப் பணம் கேட்பதில்லை. அங்கே முடிந்தாலும் சரி, வெளியே தங்களுக்குள் பேசி முடித்தாலும் சரி, கட்டிய கோர்ட்டு பீஸ் திரும்பக் கிடைக்கும் என்று, நம் சென்னை வழக்கு ஒன்றிலேயே சுப்ரீம் கோர்ட்டு 2021இல் சொல்லிவிட்டது.

"வந்ததில் பங்கு கொடுத்தால் போதும்!"

இந்த வார்த்தை காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பிள்ளை, "அங்கே எல்லாம் அப்படித்தாம்மா, ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை" என்பான். அங்கே சில வகை வழக்குகளில் அது நடப்புத்தான். இங்கே கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்து பீஸ் பேசுவதும், வரும் தொகையில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிக்கு விரோதம். பாதிக்குப் பாதி என்று எழுதி வாங்கிய ஒரு பெரிய வக்கீலின் நடத்தை தவறு என்று சுப்ரீம் கோர்ட்டு 1954லேயே தீர்மானித்தது.

ஆனாலும் இது நின்றபாடில்லை. மோட்டார் விபத்தில் புருஷனை இழந்த ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள். 1998இல் விபத்து; நஷ்டஈடு வாங்கப் பல வருஷம் கோர்ட்டு கோர்ட்டாக அலைந்தாள். வக்கீலுக்குப் பத்து லட்ச ரூபாய் வரை கொடுத்த பிறகும், கிடைத்த தொகைக்கு ஏற்றபடி இன்னும் வேண்டும் என்று மூன்று லட்சத்துக்கு அவளிடம் செக் வாங்கினார் அந்த வக்கீல். பாங்கில் பணமில்லை, செக் திரும்பியது. வக்கீல் அவள் மேலேயே கிரிமினல் வழக்குப் போட்டார்! தெலங்கானாவிலிருந்து இது சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. நஷ்டஈட்டில் சதவீதம் கேட்பதே சட்டவிரோதம் என்று சொல்லி, 2017 டிசம்பரில் அந்த வழக்கை ரத்து செய்தார்கள். தாலியை இழந்தவளிடம் சதவீதம் கேட்ட அந்தக் கணக்கை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

கட்டு யாருடையது?

மாமிக்கு வருவோம். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு வேறு வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்று தைரியம் வந்தது. கட்டைக் கேட்கப் போனோம். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாற்பதாயிரம் பாக்கியிருக்கே, அதை முடிச்சுட்டு எடுத்துண்டு போங்கோ" என்றார். மாமியின் முகம் வெளுத்துவிட்டது. வீட்டுப் பத்திரத்தின் மூலம் அந்த அலமாரியில் அல்லவா இருக்கிறது!

இந்த இடத்தில்தான் பல பேர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றுகிறார்கள். அவசியமில்லை. பீஸ் பாக்கிக்காக வக்கீல் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2000ஆம் வருஷம் சொல்லியிருக்கிறது. பாக்கி நிஜமானால் அவர் அதற்குத் தனியாக வழக்குப் போடலாம். காகிதங்களை அடகு வைத்துக்கொள்ள முடியாது. அப்படிப் பிடித்து வைத்தால் பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். தமிழ்நாட்டுப் பார் கவுன்சில் ஹைகோர்ட்டு வளாகத்திலேயே இருக்கிறது. நுகர்வோர் கோர்ட்டுக்கு மட்டும் போகாதீர்கள். வக்கீல் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது.

நாங்கள் புகார் எதுவும் செய்யவில்லை. ஒரு பக்கத்துக்கு மரியாதையாகக் கடிதம் எழுதினோம். இதுவரை கொடுத்த தொகை தேதிவாரியாக. அதில் பீஸ் எது, செலவு எது என்று கணக்குக் கோருகிறோம். நியாயமான பாக்கி இருந்தால் கொடுக்கச் சித்தமாயிருக்கிறோம். கட்டையும் மூலப் பத்திரத்தையும் திருப்பித் தரவும். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம். ஒன்பதாம் நாள் அதே குமாஸ்தா மஞ்சள் பையில் கட்டோடு மந்தைவெளிக்கு வந்தார். நாற்பதாயிரம் பேசிப் பதினைந்தாயிரத்தில் நின்றது. அதற்கு ரசீதும் வந்தது. இரண்டரை வருஷத்தில் மாமி பார்த்த முதல் ரசீது.

இத்தனை நேரம் பணம் உள்ளவர்களுக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். பணமே இல்லாவிட்டால்? 1987ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவில், இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள் யார் யார் என்று ஒரு ஜாபிதா இருக்கிறது. அதில் பெண்கள் என்று இருக்கிறது. ஏழைப் பெண்கள் என்று இல்லை. வருமான வரம்பு பெண்களுக்குக் கிடையாது. வக்கீல் பீஸ் மட்டுமல்ல, கோர்ட்டுச் செலவும் அந்த உதவியில் அடங்கும். மாமிக்கும் உண்டு; உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்மணிக்கும் உண்டு. குடிகாரப் புருஷனிடம் ஜீவனாம்சம் கேட்க அவளுக்கு வழி தெரியாமல் இருக்கும், நீங்கள் சொல்லலாம். தேனாம்பேட்டையிலோ நந்தனத்திலோ மெட்ரோ ஏறினால் ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் அந்த வளாகத்தில். டெலிபோனில் கேட்க 15100.

மாமியின் புது வக்கீல் அடையாறில் இருக்கும் ஒரு பெண். முதல் நாளே ஒரு தாளை எடுத்து, இன்ன கட்டத்துக்கு இவ்வளவு, செலவு தனி, தள்ளிப் போனால் பீஸ் இல்லை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மூலப் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, நகலை மட்டும் வைத்துக்கொண்டாள். பணம் போனில் அனுப்பினால் குறிப்பில் 'பீஸ்' அல்லது 'செலவு' என்று எழுதி அனுப்பச் சொன்னாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. போன வாரம் இந்த ஆபீஸின் குமாஸ்தாப் பையன் பேசினான். "மாமி, செலவுக்கு ஒரு ஐந்நூறு அனுப்பறேளா?"

"எதுக்குப்பா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நகல் எடுக்க மாமி... பார்த்துச் சொல்றேன்... நூற்று நாற்பது போதும்."

மாமி நூற்று நாற்பது அனுப்பிவிட்டு, நோட்டில் வலது பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.